மீட்டும் விரலும் நான்கு நாப்களும்: சிந்தசைஸரில் என்வலப் பழகுவது எப்படி

எட்டு வருடம் வீணை வாசித்த பிறகுதான் சிந்தசைஸர் என் கைக்கு வந்தது. கீயை அழுத்தினேன், ஒலி வந்தது. விரலை எடுத்தேன், நின்றது. வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்கிவிடும். அது மறைவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். அப்படிப் பழகிய காதுக்கு, தேயாமல் ஒரே மட்டத்தில் நிற்கும் அந்த ஒலி சுவர் மாதிரி இருந்தது. அதை மெல்ல எழவும், மின்னி அடங்கவும், விரலை எடுத்த பிறகும் நின்று கரையவும் வைக்க நான் கற்றுக்கொண்ட வழியை இங்கே சொல்கிறேன். வன்பொருளோ, கணினிக்குள் இருக்கும் மென்பொருளோ, எந்த சிந்தசைஸரிலும் இதே வரிசையில் செய்து பார்க்கலாம். படிக்கும்போதே ஒரு கை கீபோர்டில் இருக்கட்டும்.

அனலாக் சிந்தசைஸரில் அலையை உண்டாக்கும் பகுதியான ஆசிலேட்டர் ஓய்வதே இல்லை. குழாயில் தண்ணீர் எப்போதும் நிற்பது போல அலை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபயர்தான் குழாயின் திருகு. அந்தத் திருகை எவ்வளவு வேகமாகத் திறப்பது, எந்த அளவில் நிறுத்துவது, எப்படி மூடுவது என்பதைத் தீர்மானிக்கும் கைதான் என்வலப் ஜெனரேட்டர். அதற்கென்று சொந்த ஒலி கிடையாது. நேரத்தோடு ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தத்தைத் தருவதோடு அதன் வேலை முடிந்தது. மென்பொருளில் அது ஏறி இறங்கும் ஓர் எண்.

இந்தக் கை ஆரம்பத்தில் இல்லை. ராபர்ட் மூக் 1960களில் தன் சிந்தசைஸரை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, ஸ்வரங்கள் சும்மா தொடங்கி நிற்காமல் ஓர் உச்சரிப்போடு வர வழி வேண்டும் என்று இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச் கேட்டார். மூக் ஓர் அழைப்பு மணிப் பட்டனை இணைத்து, அழுத்தும்போது மின்னழுத்தம் ஒரு கெப்பாசிட்டரில் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) சேர்ந்து பிறகு மெல்ல வடியும்படி செய்தார். 1965இல் இசையமைப்பாளர் விளாடிமிர் உசாசெவ்ஸ்கியோடு பேசிய பிறகு அது நான்கு கட்டுப்பாடுகளாக வளர்ந்தது. அவற்றை இன்று நாம் சொல்லும் அட்டாக் (எழுவது), டிகே (உச்சத்திலிருந்து இறங்குவது), சஸ்டெயின் (நிற்கும் மட்டம்), ரிலீஸ் (விரலை எடுத்த பின் கரைவது) என்ற எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தது ஆர்ப் என்ற சிந்தசைஸர் நிறுவனம். அந்தக் கெப்பாசிட்டரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி வேலை. ப்ரீசெட் (கருவியோடு வரும் ஆயத்த ஒலி) எதையும் தொடாதீர்கள். வெறும் பேட்ச் (ஒலி அமைப்பு) ஒன்றைத் திறந்து, ஒரே ஒரு ஆசிலேட்டரில் ஸா அலையை, அதாவது ரம்பப்பல் வடிவ அலையை, வையுங்கள். மேல் அதிர்வெண்களை வெட்டுவது ஃபில்டர்; எங்கிருந்து வெட்டுவது என்பது கட்ஆஃப், அந்த இடத்தை எடுத்துக்காட்டுவது ரெசொனன்ஸ். கட்ஆஃப் முழுவதும் திறந்திருக்கட்டும், ரெசொனன்ஸ் பூஜ்யம். எல்எஃப்ஓ (ஒலியை மெல்ல ஆட்டும் பகுதி) வேண்டாம். எதிரொலி சேர்க்கும் ரிவெர்பும் டிலேயும் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். ரிவெர்ப் இருந்தால் ஒலியின் வால் எங்கே முடிகிறது என்றே காதுக்குத் தெரியாது, ரிலீஸைப் பழகவே முடியாது. ஆம்ப் என்வலப்பில் அட்டாக் 0, டிகே 0, சஸ்டெயின் முழுசு, ரிலீஸ் 0. இப்போது கேட்பதுதான் நான் சொன்ன சுவர்.

அந்தச் சுவரை ஒரு நிமிடம் கவனமாகக் கேளுங்கள். பல சிந்தசைஸர்களில் கீயை அழுத்தும்போதும் எடுக்கும்போதும் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும், தாழ்ந்த ஸ்வரங்களில் இன்னும் தெளிவாக. எந்தப் பாகமும் பழுதில்லை. அலை பாதி உயரத்தில் இருக்கும்போது திருகு சட்டென்று திறந்தால் அந்தத் தாவலே ஒரு சத்தம். எல்லா அதிர்வெண்களும் அதில் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். அட்டாக்கை 2 முதல் 5 மில்லிவிநாடி வரை கூட்டுங்கள், ரிலீஸை 10 மில்லிவிநாடி அளவுக்கு வையுங்கள், டிக் போய்விடும். சில சமயம் அது வேண்டும் என்றே விட்டுவிடுவேன். பேஸ் ஸ்வரத்தின் முன்னால் அந்த டிக் இருந்தால், விரல் தந்தியைத் தொட்ட உணர்வு கிடைக்கிறது.

அடுத்து, என்னை அதிகம் குழப்பிய இடம். நான்கு நாப்கள் அருகருகே ஒரே அளவில் இருப்பதால் நான்கும் ஒரே வகை என்று கண் நம்பிவிடுகிறது. அட்டாக், டிகே, ரிலீஸ் மூன்றும் நேரம். சஸ்டெயின் மட்டும் மட்டம், அதாவது ஒலி எவ்வளவு பலமாக நிற்க வேண்டும் என்பது. எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை உங்கள் விரல்தான் முடிவு செய்கிறது. நான் வாங்கிய முதல் வாரத்தில் ஒரு மாலை முழுக்க டிகே நாப்பைத் திருகிக்கொண்டிருந்தேன், ஒரு மாற்றமும் இல்லை. சஸ்டெயின் முழுசாக இருந்தது. டிகே என்பது உச்சத்திலிருந்து சஸ்டெயின் மட்டத்துக்கு இறங்கும் நேரம். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் இறங்குவதற்கு எங்கே இடம்? ‘டிகே வேலை செய்யவில்லை’ என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது சஸ்டெயினைத்தான்.

ஆகவே சஸ்டெயினைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். டிகேயை 600 மில்லிவிநாடிக்கு வையுங்கள். கீயை அழுத்திப் பிடித்தாலும் ஒலி தானாகத் தேய்ந்து மறையும். சுவர் தந்தியாகிவிட்டது. இப்போது கீயைத் தொட்டவுடன் விரலை எடுத்துப் பாருங்கள், ஒலி பாதியில் அறுந்துபோகும். விரலை எடுத்ததும் என்வலப் டிகேயைக் கைவிட்டு ரிலீஸுக்குத் தாவிவிடுகிறது, ரிலீஸோ கிட்டத்தட்ட பூஜ்யம். மீட்டிய தந்திக்கு நாம் விரலை எடுத்ததே தெரியாது, அது பாட்டுக்கு ஒலிக்கும். அதனால் மீட்டு வகை ஒலிகளுக்கு ரிலீஸை டிகேயின் அளவுக்கே வையுங்கள். 1970இல் வந்த மினிமூகில் ரிலீஸுக்குத் தனி நாப்பே கிடையாது. டிகே நாப்தான் அதையும் பார்த்துக்கொள்ளும். ரிலீஸ் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். பியானோ மாதிரி வேண்டுமானால் கணக்கு வேறு. அங்கே விரலை எடுத்ததும் அதிர்வை அடக்கும் டாம்பர் தந்தியில் வந்து அமர்கிறது. எனவே நீண்ட டிகே, 100 அல்லது 200 மில்லிவிநாடி ரிலீஸ்.

டிகேயைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 600இல் தந்தி. 200இல் மரக்கட்டையைத் தட்டியது போல. 60இல் ஸ்வரம் எது என்றே சட்டென்று பிடிபடாது, தாளமாக மட்டும் கேட்கும். அலை மாறவில்லை, ஃபில்டர் மாறவில்லை. இந்த ஒரு நாப் மூன்று வாத்தியங்களைத் தந்திருக்கிறது.

அட்டாக்குக்கு வருவோம். சஸ்டெயினை மறுபடி முழுசாக்கி, அட்டாக்கை 5, 50, 300, 1500 மில்லிவிநாடி என்று ஏற்றிப் பாருங்கள். 5இல் அடி. 50இல் ஊதுவது போல ஒரு மென்மை. 300இல் வில் தந்தியைப் பற்றி இழுப்பது போல. 1500இல் ஒலி எங்கிருந்தோ வந்து சேருகிறது. ஒரு வாத்தியம் இன்னது என்று காது அடையாளம் காண்பதில் தொடக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1948இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் மணியோசையைப் பதிவு செய்து, அடி விழும் முதல் பகுதியை வெட்டிவிட்டுக் கேட்டார். அதில் மணியின் அடையாளமே போய்விட்டிருந்தது. ரோலண்ட் 1987இல் வெளியிட்ட டி-50 சிந்தசைஸர் இதையே மறுபக்கத்திலிருந்து பயன்படுத்தியது. உண்மையான வாத்தியங்களின் தொடக்கத் துணுக்கை மட்டும் பதிவாக வைத்து, அதற்குப் பின் வரும் உடலை சிந்தசைஸரே செய்தது.

நீண்ட அட்டாக்கில் இரண்டு விஷயங்கள் கையைக் குழப்பும். ஒன்று, ஒலி தாளத்துக்குப் பின்னால் வந்தது போல் தோன்றும். கீயைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தப் பழக வேண்டும். இரண்டு, அட்டாக் முடிவதற்குள் விரலை எடுத்தால் பெரும்பாலான சிந்தசைஸர்களில் என்வலப் இருந்த உயரத்திலிருந்தே ரிலீஸுக்குப் போய்விடும். 1500 மில்லிவிநாடி அட்டாக் உள்ள ஒலியில் வேகமாக வாசித்தால் எந்த ஸ்வரமும் முழு உயரத்தைத் தொடாது, எல்லாம் முணுமுணுப்பாகவே நிற்கும். வேகமாக வாசிக்க வேண்டிய இடத்துக்கு வேறு பேட்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிலீஸ் எனக்கு ஓர் ஒத்திகையில் பாடம் சொன்னது. வீட்டில் தனியாக வாசித்தபோது 4 விநாடி ரிலீஸ் உள்ள ஒரு பேட் (பின்னணியில் நீண்டு படரும்) ஒலி அவ்வளவு அழகாக இருந்தது. மற்ற வாத்தியங்களோடு வாசித்தபோது ஒவ்வொரு கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) அடுத்த கார்டின் மேல் கரைந்து வழிந்தது. பாடகிக்குச் சுருதியே பிடிபடவில்லை. அன்றிலிருந்து ரிலீஸைப் பாட்டின் வேகத்தோடு சேர்த்தே வைக்கிறேன். 60,000ஐ நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லிவிநாடியில் கிடைக்கும். 120 வேகத்தில் 500, 90 வேகத்தில் 667. கார்டு மாறும் பகுதிகளில் ரிலீஸ் ஓர் அடிக்குள் அடங்கினால் அனேகமாகச் சேறாகாது. இன்னொரு காரணமும் உண்டு. ஆறு குரல்கள் மட்டுமே உள்ள, அதாவது ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரங்கள் மட்டுமே ஒலிக்கக்கூடிய, ஜூனோ-106 போன்ற கருவியில், மூன்று ஸ்வரக் கார்டு இரண்டை நீண்ட ரிலீஸோடு வாசித்தாலே ஆறும் தீர்ந்துவிடும். மூன்றாவது கார்டுக்காக, இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு வாலை அது பறித்துத்தான் ஆக வேண்டும். வால் திடீரென்று அறுந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இதுவரை பலம் மட்டும்தான் மாறியது. உயிர் வருவது ஃபில்டரில் என்வலப்பை இணைக்கும்போதுதான். இந்தப் பகுதிக்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தகும்.

தந்தியை மீட்டியதும் முதல் கணத்தில் ஒலி பளீரென்று இருக்கிறது, சீக்கிரமே மங்கி உருண்டையாகிறது. மேல் அதிர்வெண்கள் கீழ் அதிர்வெண்களை விட வேகமாகச் சாவதால் இப்படி. ஆம்ப் என்வலப் எல்லா அதிர்வெண்களையும் ஒன்றாகவே இறக்குகிறது, அதனால்தான் மேலே நாம் செய்த தந்தி இன்னும் மின்சாரமாகக் கேட்கிறது. அதைச் சரிசெய்ய, ஆம்ப் என்வலப்பை அந்தத் தந்தி அமைப்புக்கே (சஸ்டெயின் 0, டிகே 600) திருப்பிவிட்டு, முதலில் கட்ஆஃபைக் கீழே இறக்குங்கள், ஒலி போர்வைக்குள் இருப்பது போல மங்கும் வரை. பிறகு ஃபில்டர் என்வலப்பின் அளவு நாப்பைப் பாதிக்கு ஏற்றுங்கள். வரிசை முக்கியம். கட்ஆஃப் ஏற்கெனவே முழுசாகத் திறந்திருந்தால் என்வலப் அதை இன்னும் எங்கே திறக்கும்? ‘ஃபில்டர் என்வலப் கேட்கவே இல்லை’ என்பதற்கு அனேகமாக இதுதான் காரணம். அடுத்து ஃபில்டர் என்வலப்பில் அட்டாக் 0, சஸ்டெயின் 0, டிகே ஆம்ப் டிகேயில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லிவிநாடி. இப்போது வாசியுங்கள். முதன்முதலில் இதைச் செய்தபோது எழுந்து நின்றுவிட்டேன். தந்தி மீட்டப்பட்டது, தேய்ந்தது, அதற்கு முன்பே மங்கியது.

ஊது வாத்தியத்துக்கு இதே கை வேறு விதமாக அசைய வேண்டும். 1960களில் பெல் ஆய்வகத்தில் டிரம்பெட் ஒலியை அலசிய ஷான்-கிளோட் ரிஸே, பலம் கூடும்போது மேல் அதிர்வெண்களின் பங்கும் கூடுகிறது என்று காட்டினார். கூடவே, தாழ்ந்த அதிர்வெண்கள் முதலில் எழுகின்றன, மேலே உள்ளவை கொஞ்சம் தாமதமாக வருகின்றன. அதை நாப்களில் சொன்னால்: கட்ஆஃப் தாழ்வாக, என்வலப் அளவு நடுத்தரம், ஃபில்டர் அட்டாக் 60 மில்லிவிநாடி, டிகே 300, சஸ்டெயின் 60 சதவீதம், ரிலீஸ் 150. ஆம்ப் அட்டாக்கை மட்டும் 15 அளவுக்கு, ஃபில்டரை விட வேகமாக வையுங்கள். முதலில் காற்று, பிறகு பித்தளை. ஃபில்டர் அட்டாக்கை 60இலிருந்து 120க்கு ஏற்றினால் வாசிப்பவர் உதட்டைத் தளர்த்தியது போல இருக்கும். இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம், உங்கள் கருவியில் காது சொல்வதை வையுங்கள்.

ஃபில்டர் எவ்வளவு நேரம் ஆடினாலும் ஆம்ப் மூடிவிட்டால் எதுவும் கேட்காது. ஃபில்டர் டிகே 3 விநாடி, ஆம்ப் டிகே அரை விநாடி, இரண்டிலும் சஸ்டெயின் பூஜ்யம் என்றால் அந்த 3 விநாடியில் பெரும்பகுதி வீண். ஃபில்டரின் அசைவை மட்டும் கேட்கப் பழக வேண்டுமானால் ஆம்ப் என்வலப்பைச் சுவராக்கிவிட்டு ஃபில்டரை மட்டும் நகர்த்துங்கள். ஜூனோவில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஏடிஎஸ்ஆர்தான் (நான்கு நாப்களின் ஆங்கில முதலெழுத்துகள்). அங்கே ஆம்ப் சுவிட்சை கேட் நிலைக்கு, அதாவது கீ அழுத்தியிருக்கும் வரை முழுசாகத் திறந்திருக்கும் நிலைக்கு, தள்ளினால் இதே வேலை நடக்கும். என்வலப் அளவை எதிர்த்திசையில் வைக்க வழியிருந்தால் அதையும் பாருங்கள். அடித்ததும் ஒலி மூடிக்கொண்டு, பிறகு மெல்ல விரியும். பின்னணிக் கார்டுகளுக்கு இது எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

விரலின் வேகத்தை ஃபில்டர் என்வலப் அளவோடு இணைக்க மறக்காதீர்கள். ஓங்கி அடித்தால் பலம் மட்டும் கூடுவது போதாது, பளபளப்பும் கூட வேண்டும். தந்தியும் தோலும் அப்படித்தான் பதில் சொல்கின்றன.

சுருதிக்கும் என்வலப் உண்டு. ஒரு சைன் அலையை 50 ஹெர்ட்ஸில் வைத்து, சுருதி என்வலப் அளவை 24 செமிடோனாகவும் (அரை ஸ்வரம்; 12 சேர்ந்தால் ஒரு ஸ்தாயி) டிகேயை 50 மில்லிவிநாடியாகவும் வையுங்கள். ஒலி 200 ஹெர்ட்ஸில் பிறந்து 50க்கு விழுகிறது, கிக் டிரம் கிடைக்கிறது. டிகேயை 300க்கு இழுத்தால் விழுவது தனியாகக் கேட்கத் தொடங்கும். மீட்டு ஒலியில் இதையே மிகச் சிறிய அளவில், கால் செமிடோனுக்கும் கீழே, பயன்படுத்துகிறேன். பலமாக மீட்டிய தந்தி இழுபட்டு முதலில் ஒரு சிட்டிகை ஏறி ஒலித்துப் பிறகு தன் இடத்துக்கு வருகிறது. காது அதைத் தனியாகக் கவனிக்காது. எடுத்துவிட்டால் மட்டும் எதுவோ குறைகிறது.

இப்போது அந்தக் கெப்பாசிட்டர். அது நிரம்புவதும் வடிவதும் நேர்கோட்டில் இல்லை. நேர மாறிலி என்ற அதன் அளவு நேரம் ஒன்றுக்குள் 63 சதவீதம் வடிந்துவிடும், மிச்சம் இழுத்துக்கொண்டே போகும்; ஐந்து நேர மாறிலிகளுக்குப் பிறகுதான் 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். அடித்ததும் வேகமாக விழுந்து நீண்ட வாலோடு மறையும் இந்த வளைவு தந்திக்கும் மணிக்கும் இயல்பானது. மென்பொருளில் வளைவைத் தேர்ந்தெடுக்க வழியிருந்தால் டிகேக்கும் ரிலீஸுக்கும் இதையே எடுங்கள். நேர்கோட்டு டிகேயில் ஒலி வெகுநேரம் பலமாக நின்று கடைசியில் திடீரென்று விழுந்தது போல் கேட்கும். ஒரு சிந்தசைஸரின் 500 மில்லிவிநாடி இன்னொன்றில் வேறு மாதிரி கேட்பதற்கும் வளைவு ஒரு காரணம். யமஹா 1983இல் வெளியிட்ட டிஎக்ஸ்7இல் நேரமே இல்லை, வேகம்தான்: நான்கு வேகங்கள், நான்கு மட்டங்கள். அங்கே 99 என்றால் மிக வேகம், அதாவது மிகக் குறைந்த நேரம். மற்ற கருவிகளில் பழகிய கை அங்கே தலைகீழாக யோசிக்க வேண்டும். 1984இன் கேஸியோ சிஇசட்-101 எட்டுப் படிகள் வரை தருகிறது. நான்கு நாப்களில் காது நன்றாகத் தேறிய பிறகு அவற்றுக்குப் போங்கள்.

ஒற்றைக் குரல் சிந்தசைஸரில் கடைசியாக ஒரு சுவிட்ச் பாக்கி இருக்கிறது, வீணைக்காரர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரு கீயைப் பிடித்தபடி அடுத்த கீயை அழுத்தினால் என்வலப் புதிதாகத் தொடங்க வேண்டுமா, ஓடிக்கொண்டிருப்பதையே தொடர வேண்டுமா? புதிதாகத் தொடங்கினால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மீட்டு. தொடர்ந்தால் ஒரே மீட்டில் மூன்று நான்கு ஸ்வரங்கள். ரோலண்ட் எஸ்எச்-101இல் கேட்+டிரிக், கேட் என்று இந்த இரண்டுக்கும் ஒரு சுவிட்சே வைத்திருக்கிறார்கள். மற்றவற்றில் ரீடிரிகர், லெகாட்டோ என்ற பெயர்களில் இருக்கும். லெகாட்டோவில் வைத்து, கொஞ்சம் கிளைடு (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்குவது) சேர்த்து, சஸ்டெயினைப் பூஜ்யமாக்கி, டிகேயை 2 விநாடிக்கு நீட்டி, ஒரு கீயின் மேல் விரலை விடாமல் அடுத்த கீக்குப் போய்த் திரும்புங்கள். ஒலி தேய்ந்துகொண்டே நகரும். தேய்ந்துவிடும் முன் எத்தனை ஸ்வரங்களைத் தொட முடிகிறது என்று பாருங்கள், மறுபடி மீட்ட விரலை முழுசாக எடுத்து அழுத்துங்கள்.

தினமும் ஒன்று செய்கிறேன், நீங்களும் செய்து பாருங்கள். ஏதாவது ஓர் ஒலியைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள்: கதவு மூடுவது, கண்ணாடி டம்ளரில் கரண்டி படுவது, யாரோ விசில் அடிப்பது. ஆடியோ எடிட்டரில் திறந்து அலையைப் பெரிதாக்கி, எழ எத்தனை மில்லிவிநாடி, தேய எத்தனை, நடுவில் நிற்கிறதா என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்களை ஆம்ப் என்வலப்பில் போடுங்கள். பிறகு கண்ணை மூடி, பளபளப்பு எவ்வளவு சீக்கிரம் போகிறது என்று பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஃபில்டர் டிகேயைக் காதால் மட்டும் பொருத்துங்கள். நேற்று டம்ளருக்கு எனக்கு 1400 மில்லிவிநாடி ஆம்ப் டிகே வந்தது, ஃபில்டருக்கு 350. இன்று கதவு.